உணர்திறன் முடிவு நம்பும்படி இல்லையா? பேய்சியன் வலையமைப்பில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெள்ளம், வேளாண்மை, டெங்கு என்று எதற்குப் பேய்சியன் வலையமைப்பு (காரணங்களையும் விளைவுகளையும் அம்புகளால் இணைத்து நிகழ்தகவால் கணிக்கும் வரைபடம்) அமைத்தாலும் உணர்திறன் பகுப்பாய்வை (எது விடையை அதிகம் அசைக்கிறது என்ற சோதனை) ஓட்டிய பிறகு ஒரே மாதிரியான குழப்பங்கள்தான் வருகின்றன. மாரி மழை பட்டியலின் அடியில் கிடக்கும். யாரும் எண்ணிப் பாராத ஒரு கணு (வரைபடத்தில் ஒரு காரணியைக் குறிக்கும் புள்ளி) உச்சியில் நிற்கும். ஒரு மென்பொருள் சொன்ன வரிசையை இன்னொன்று தலைகீழாகச் சொல்லும். அந்த நேரத்தில் வலையமைப்பையே கலைத்து மறுபடி வரையத் தோன்றும். பொறுங்கள், அநேகமான தடவைகளில் வலையமைப்பு சரியாகவே இருக்கும். முடிவு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைத்தான் நாம் தவறாக எடுத்திருப்போம்.

இங்கே எடுத்துக்காட்டாக வருவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வட்டையின் (வயற்பரப்பின்) பெரும்போகம், அதாவது மாரிக்கால நெற்செய்கை. கணுக்கள்: மழை, குள நீர்மட்டம், வான்கதவு (குளத்தின் மிகை நீரை வெளியேற்றும் கதவு), ஆற்றுவாய் (ஆறு கடலில் சேரும் இடம்), வயல் வெள்ளம், விதைப்புக் காலம், அறக்கொட்டி (நெல் தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி), எரிந்த திட்டு (பயிர் எரிந்ததுபோல் காய்ந்த இடம்), விளைச்சல். எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. உங்கள் வட்டைக்கு உங்கள் எண்களைப் போடுங்கள்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்: மூன்று வரி எழுதுங்கள்

முடிவை அச்சிட்ட தாளின் தலையில் இந்த மூன்றையும் எழுதாமல் மேலே போக வேண்டாம்.

முதலாவது, எது மாற்றப்பட்டது? "இந்தக் கணுவின் நிலை தெரிய வந்தால் இலக்குக் கணுவைப் பற்றிய ஐயம் எவ்வளவு குறையும்" என்று கேட்பது சான்று உணர்திறன். நெட்டிக்கா என்ற மென்பொருள் தருகிற பரஸ்பரத் தகவல் (ஐயம் சராசரியாகக் குறையும் அளவு) பட்டியல் இந்த வகை. இலக்குக் கணு என்பது நாம் விடை தேடும் கணு, இங்கே விளைச்சல். "நான் அட்டவணையில் இட்ட இந்த எண் பிழையென்றால் விடை எவ்வளவு அசையும்" என்று கேட்பது பரமான உணர்திறன். ஜீனீ என்ற மென்பொருளின் டொர்னாடோ வரைபும் (ஒவ்வோர் எண்ணும் விடையை அசைக்கும் அளவைப் பட்டைகளாகக் காட்டுவது) சாம்ஐயாம் என்ற மென்பொருள் தரும் முடிவும் இந்த வகை. அட்டவணை என்பது, ஒரு கணுவுக்கு அம்பு விடும் கணுக்களின் (பெற்றோரின்) நிலைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரியாக அந்தக் கணுவின் நிகழ்தகவுகளை எழுதியது. ஒன்றின் முடிவை வைத்துக்கொண்டு மற்றதற்கு விளக்கம் சொல்வதுதான் நாம் அடிக்கடி காணும் பிழை.

இரண்டாவது, எவ்வளவு மாற்றப்பட்டது? மிகச் சிறு அசைவா, 10 சதவீதமா, நீங்களே கொடுத்த கீழெல்லையும் மேலெல்லையுமா?

மூன்றாவது, ஓட்டிய நேரத்தில் எந்தக் கணுக்களில் சான்று (இந்த நிலைதான் என்று கண்டு உறுதியான செய்தி) இடப்பட்டிருந்தது? உணர்திறன் எண் எதுவும் அந்த நேரத்துச் சான்றுகளோடு ஒட்டியது. "குளம் நிறைந்தது" என்ற சான்றோடு எடுத்த பட்டியலும் சான்றில்லாமல் எடுத்த பட்டியலும் இரண்டு வேறு பட்டியல்கள்.

## அறிகுறி: எல்லாக் கணுவுக்கும் பூச்சியம்

இலக்குக் கணுவிலேயே சான்று கிடக்கிறது. விளைச்சல் "குறைவு" என்று முன்பு இட்டதை அகற்றாமல் ஓட்டினால், ஐயம் ஏற்கெனவே பூச்சியம். குறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாச் சான்றுகளையும் அகற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அட்டவணை மாற்றிய பிறகு வலையமைப்பு மீளக் கணிக்கப்படவில்லை. தொகுத்து, இற்றைப்படுத்தி, பிறகு ஓட்டுங்கள்.

இலக்குக் கணுவின் அட்டவணையில் எல்லா வரியும் ஒரே மாதிரி. புதிய கணு சேர்த்ததும் மென்பொருள் எல்லா நிலைக்கும் சமமான எண்ணை வைத்துவிடும். மூன்று நிலையென்றால் 0.333, 0.333, 0.333. வரிகளுக்கிடையில் வேறுபாடு இல்லாவிட்டால் பெற்றோர் எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. அட்டவணையைத் திறந்து இரண்டு வரிகளை ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

இதற்கு யாரையும் அழைக்கத் தேவையில்லை.

## அறிகுறி: இருக்கவே கூடாத ஒரு கணுவில் மட்டும் பூச்சியம்

மழைக்குப் பூச்சியம் என்று வந்தால் ஊரில் யாரும் அந்தத் தாளை மேற்கொண்டு படிக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பூச்சியம் பெரும்பாலும் நியாயமான பூச்சியம்.

வழியில் உள்ள கணுவில் சான்று இருக்கிறதா? மழை, குள நீர்மட்டம், வான்கதவு, வயல் வெள்ளம் என்று ஒரே சங்கிலியாக அம்பு போகிறது என்று வையுங்கள். குள நீர்மட்டம் "நிறைந்தது" என்று சான்று இட்ட கணத்தில் மழையின் பாதை அடைபட்டுவிடும். குளம் நிறைந்ததைக் கண்ணால் கண்ட பிறகு, அது எந்த மழையால் நிறைந்தது என்பது வான்கதவுக்கு வேண்டாத செய்தி. அந்தச் சான்றை அகற்றி ஓட்டுங்கள். மழைக்கு எண் வந்தால் வலையமைப்பில் பிழை இல்லை.

ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. குளம் நிறைந்தது தெரிந்த பிறகும் வயலில் நேரே விழுகிற மழை வெள்ளத்தைக் கூட்டும் என்று உங்களுக்குத் தெரியுமானால், மழையிலிருந்து வயல் வெள்ளத்துக்கு நேர் அம்பு இல்லாததுதான் பிழை. தாழ்ந்த வட்டைகளில் அந்த அம்பு கட்டாயம் வேண்டும்.

இரண்டு அம்பு ஒரு கணுவில் முட்டுகிறதா? மழையும் ஆற்றுவாயும் வயல் வெள்ளத்துக்குப் பெற்றோர். இலக்காக ஆற்றுவாயை வைத்து ஓட்டினால் மழைக்குப் பூச்சியம்தான் வரும், வயல் வெள்ளத்திலும் அதற்குக் கீழுள்ள கணுக்களிலும் சான்று இல்லாத வரைக்கும். "வெள்ளம் உண்டு" என்று சான்று இட்டுப் பாருங்கள், உடனே இரண்டும் தொடர்புபடும். மழை குறைவாக இருந்தும் வெள்ளம் நிற்கிறது என்றால் ஆற்றுவாய் மணல் மூடியிருக்க வேண்டும் என்று வலையமைப்பு தானாகவே யோசிக்கத் தொடங்கும். வட்டவிதானை (வட்டையின் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர்) ஒருவர் யோசிப்பதும் இப்படித்தான்.

அட்டவணையில் 0 அல்லது 1 இருக்கிறதா? பரமான உணர்திறனில் ஒரு வரியின் ஓர் எண்ணை ஏற்றினால் மற்றவை விகிதப்படி இறங்க வேண்டும். வரி 0.6, 0.3, 0.1 என்று இருக்க, 0.6 ஐ 0.7 ஆக்கினால் மற்றவை 0.225, 0.075 ஆகும். பூச்சியமாக இருக்கிற எண் இந்த விகிதத்தில் பூச்சியமாகவே நிற்கும். ஒன்றாக இருக்கிற எண்ணை இறக்கினாலோ, மிச்சத்தை எப்படிப் பகிர்வது என்று விகிதம் சொல்லாது. உண்மையிலேயே நடக்க முடியாததற்கு மட்டும் 0 இடுங்கள். "நாங்கள் கண்டதில்லை" என்பதற்கு 0.01 அல்லது 0.005 போதும்.

கையால் வரியைத் திருத்துகிறவர்கள் மாற்றம் முழுவதையும் ஒரே நிலையில் போட்டு 0.7, 0.2, 0.1 என்று எழுதுவதுண்டு. அதுவும் கூட்டினால் 1 வரும், ஆனால் விடை வேறாகும். எந்த முறையில் பகிர்ந்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

சான்றெல்லாம் அகற்றியும், அட்டவணை சரியாக இருந்தும் பூச்சியம் மாறாவிட்டால் அம்புகளின் அமைப்பே பிழை. மென்பொருள் தெரிந்தவரால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த நீரோட்டத்தை அறிந்த நீர்ப்பாசனப் பொறியியலாளரோடு வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய இடம் இது.

## அறிகுறி: எல்லாரும் அஞ்சுவது பட்டியலின் அடியில்

குளக்கட்டு உடைப்பு என்று இன்னொரு கணுவைச் சேர்த்திருக்கிறோம் என்று வையுங்கள். அது நடந்தால் போகம் போயிற்று. ஆனால் பட்டியலில் விதைப்புத் தாமதத்துக்கும் கீழே வருகிறது. கணக்கைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

உடைப்பின் நிகழ்தகவு 0.02. உடைந்தால் விளைச்சல் குறைவதற்கு 0.95, உடையாவிட்டால் 0.30. மொத்தத்தில் குறைவு 0.313, அதன் எந்திரோப்பி (ஐயத்தின் அளவு, அலகு பிட்) 0.897 பிட். உடைப்பைப் பற்றித் தெரிந்தால் ஐயம் குறைவது 0.027 பிட், அதாவது 3 சதவீதம்.

விதைப்புத் தாமதத்தின் நிகழ்தகவு 0.5. தாமதித்தால் 0.45, உரிய காலத்தில் விதைத்தால் 0.176. மொத்தக் குறைவு அதே 0.313. ஐயம் குறைவது 0.065 பிட், அதாவது 7.2 சதவீதம்.

உடைப்பு விளைச்சல் குறைவை 0.31 இலிருந்து 0.95 க்குத் தூக்குகிறது. தாமதம் 0.45 க்குத்தான் தூக்குகிறது. இருந்தும் தாமதம் இரண்டு மடங்குக்கு மேலான எண்ணோடு முன்னால் நிற்கிறது. காரணம், பரஸ்பரத் தகவல் ஒரு சராசரி. நூறு போகத்தில் இரண்டில் மட்டும் நடப்பதற்கு அந்தச் சராசரியில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

செய்ய வேண்டியது:

- பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் போடுங்கள். ஒவ்வொரு கணுவையும் அதன் ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தும்போது இலக்கின் நிகழ்தகவு எட்டுகிற மிகக் குறைந்த எண்ணும் மிகக் கூடிய எண்ணும் அவற்றில் வரட்டும். உடைப்புக்கு 0.30 – 0.95, தாமதத்துக்கு 0.176 – 0.45.
- "எதை அளந்தால் அதிகம் தெரியவரும்" என்ற கேள்விக்குப் பரஸ்பரத் தகவல் நிரல். "எது வந்தால் பேரழிவு" என்ற கேள்விக்கு வீச்சு நிரல். அறிக்கையில் இரண்டும் இருக்கட்டும்.
- அரிய நிலையின் முன் நிகழ்தகவு (சான்று எதுவும் காணுமுன் உள்ளது) எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளி போன்ற நிகழ்வு 20 ஆண்டுத் தரவில் ஒரு தடவையும் வராமல் போகலாம். தரவில் இல்லாததால் 0 ஆகிவிட்ட நிலைக்கு உணர்திறனும் 0 தான் வரும்.

இப்படிப்பட்ட நிலையின் நிகழ்தகவு முடிவை மாற்றும் அளவுக்குப் போனால், உங்கள் ஊகத்தில் நிறுத்தாதீர்கள். உச்ச நிகழ்வுகளைக் கணிக்கத் தனி முறை உண்டு. அது தெரிந்த புள்ளியியலாளரிடம் நீண்டகால மழைப் பதிவோடு போங்கள்.

## அறிகுறி: இரண்டு மென்பொருள், இரண்டு வரிசை

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வயலில் எரிந்த திட்டுத் தெரிகிறது. அறக்கொட்டிதானா? முன் நிகழ்தகவு 0.10. அறக்கொட்டி இருந்தால் திட்டுத் தெரிவது 0.80. இல்லாதபோதும் திட்டுத் தெரிவது 0.05. பின் நிகழ்தகவு (திட்டைக் கண்ட பின் உள்ளது) (0.10×0.80) ÷ (0.10×0.80 + 0.90×0.05) = 0.08 ÷ 0.125 = 0.64.

ஒரு மென்பொருள் சாய்வைத் தருகிறது, அதாவது எண் சற்று அசைந்தால் விடை அதைப்போல் எத்தனை மடங்கு அசையும் என்பதை. 0.05 என்ற எண்ணுக்குச் சாய்வு −4.61. 0.80 க்கு 0.288. முன் நிகழ்தகவுக்கு 2.56. ஆக, 0.05 என்ற எண் 0.80 ஐ விட 16 மடங்கு முக்கியம்.

இன்னொரு மென்பொருளில் 10 சதவீதப் பரவல் வைத்து டொர்னாடோ வரைபு எடுக்கிறீர்கள். 0.05 என்ற எண் 0.045 இலிருந்து 0.055 வரை போகிறது, விடை 0.664 இலிருந்து 0.618 க்கு வருகிறது. 0.80 என்ற எண் 0.72 இலிருந்து 0.88 வரை போகிறது, விடை 0.615 இலிருந்து 0.662 க்கு ஏறுகிறது. இரண்டு பட்டையின் நீளமும் 0.046. இரண்டும் சமம்.

ஒன்று 16 மடங்கு என்கிறது, மற்றது சமம் என்கிறது. இரண்டு கணக்கும் சரி. சாய்வு, ஒவ்வோர் எண்ணையும் ஒரே அளவால் அசைக்கிறது. டொர்னாடோ ஒவ்வோர் எண்ணையும் அதன் சொந்தப் பருமனில் பத்தில் ஒரு பங்கால் அசைக்கிறது. 0.80 இன் பத்தில் ஒரு பங்கு 0.05 இன் பத்தில் ஒரு பங்கைப் போல் 16 மடங்கு. அந்த 16 இந்த 16 ஐத் தின்றுவிட்டது.

எதை எடுப்பது? இரண்டையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, உண்மையான ஐயத்தின் எல்லையைப் போட்டு ஓட்டுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் எண்ணைக் கேட்காமல் எல்லையைக் கேளுங்கள்: "அறக்கொட்டி இல்லாத நூறு வயலில் இப்படியான திட்டு எத்தனையில் தெரியும்? குறைந்தது எத்தனை, கூடியது எத்தனை?" அவர் 2 இலிருந்து 10 வரை என்கிறார். அறக்கொட்டி உள்ள நூறு வயலுக்கு 70 இலிருந்து 90 வரை என்கிறார். இப்போது ஓட்டினால்:

- 0.02 – 0.10: விடை 0.82 இலிருந்து 0.47 வரை.
- 0.70 – 0.90: விடை 0.61 இலிருந்து 0.67 வரை.

இனி எதில் நேரம் செலவழிக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. அறக்கொட்டி இருந்தால் திட்டு எவ்வளவு தெரியும் என்று 0.80 க்கும் 0.90 க்கும் இடையில் அரை நாள் வாதாடுகிறோம். அதனால் விடை 0.64 இலிருந்து 0.67 க்குத்தான் போகிறது. பொய்த் திட்டின் எண்தான் விடையைப் பிடித்து ஆட்டுகிறது. வரம்பில் நின்று பார்ப்பவருக்கு உவர் ஏறிக் காய்ந்த திட்டும் அறக்கொட்டி எரித்த திட்டும் ஒன்றுபோலத் தெரியும். வயலுக்குள் இறங்கி, தூரைப் பிரித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து எழுதிய தரவு இருந்தால் 0.05 என்பது 0.01 ஆகவும் இறங்கலாம். அப்படி இறங்கினால் விடை 0.90. "திட்டுத் தெரிந்தது" என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான பார்வை கலந்திருந்தால், அதை இரண்டு கணுவாகப் பிரியுங்கள்.

இதே அறிகுறியில் இன்னும் மூன்று சோதனை.

சாய்வை நீட்டிப் பார்க்காதீர்கள். பின் நிகழ்தகவு ஒரு பரமானத்தோடு நேர்கோட்டில் போவதில்லை. பரமானத்தை ப என்றால், சான்று இட்ட நிலையில் விடையின் வடிவம் (அ×ப + ஆ) ÷ (இ×ப + ஈ). இது வளைகோடு, அ முதல் ஈ வரை மாறாத எண்கள். மேலே உள்ள −4.61 ஐ வைத்து 0.10 க்குக் கணித்தால் 0.41 வரும், உண்மை விடை 0.47. அசைவு சிறியதென்றால் சாய்வு போதும். பெரியதென்றால் எண்ணை மாற்றி நேரே ஓட்டுங்கள்.

முடிவு மாறும் எல்லையைத் தேடுங்கள். பின் நிகழ்தகவு 0.5 க்கு மேலே போனால் மருந்தடிப்பது என்று வைத்திருந்தால், 0.05 என்ற எண் 0.089 ஐத் தாண்டும்போது முடிவு மாறும். போதனாசிரியர் சொன்ன எல்லை 0.10 வரை போகிறது. ஆகவே இந்த முடிவு உறுதியானதல்ல என்று அறிக்கையில் எழுத வேண்டும். சாய்வு, பட்டை எல்லாவற்றையும்விட விவசாயிக்குப் பயன்படும் எண் இந்த 0.089 தான்.

ஒன்றொன்றாக அசைத்தால் உறுதி, சேர்த்து அசைத்தால் ஆட்டம். முன் நிகழ்தகவும் பொய்த் திட்டும் ஒரே ஆளின் ஊகத்திலிருந்து வந்திருந்தால் இரண்டும் ஒரே பக்கம் பிழைக்கலாம். 0.10 ஐ 0.07 ஆக இறக்கி, 0.05 ஐ 0.08 ஆக ஏற்றினால் விடை 0.43 க்கு விழுகிறது. இரண்டு எண்ணைச் சேர்த்து அசைப்பது நீங்களே செய்யலாம். நாலைந்து எண்ணைச் சேர்த்து அசைக்க வேண்டி வந்தால், எல்லைகளிலிருந்து எழுந்தமானமாக எண்களை எடுத்து ஆயிரம் தடவை ஓட்டும் கணினி நிரல் வேண்டும். ஆர் அல்லது பைத்தன் என்ற நிரல்மொழியைக் கையாளத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒரே ஓர் எண் மட்டும் பட்டியலை ஆள்கிறது

அந்த எண்ணைப் போய்ப் பாருங்கள். 0.333, 0.5, 1.0 என்று உருண்டையாக இருந்தால் ஐயப்படுங்கள்.

தரவே இல்லாத வரி. விளைச்சலுக்கு நாலு பெற்றோர், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. அட்டவணையில் 81 வரி. உங்களிடம் 20 பெரும்போகத்தின் பதிவு. ஒவ்வொரு பதிவும் வேறு வரியில் விழுந்தாலும் 61 வரி வெறுமை. அவற்றில் இருப்பது மென்பொருள் இட்டு வைத்த சமமான எண்.

ஒரே ஒரு தரவுள்ள வரி. 2011 ஜனவரி வெள்ளம் போல் ஒரு போகம், அந்தச் சேர்க்கை பதிவில் அது ஒன்றுதான், விளைச்சல் குறைவு. வரியில் 1.0 எழுதப்பட்டுவிடும். ஒரு போகத்தை வைத்து "எப்போதும்" என்று வலையமைப்பு நம்பும். ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று சேர்த்து எண்ணினால் மூன்று நிலைக் கணுவில் அது 0.5 ஆகும், இரண்டு நிலையில் 0.67 ஆகும். இந்தத் திருத்தத்தைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பட்டியல் தலைகீழானால், முன்பு பார்த்தது தரவுப் பஞ்சத்தின் விளைவு.

பெற்றோர் அதிகம். இதற்கு வேலை கொஞ்சம் கூட. மழை, வான்கதவு, ஆற்றுவாய் மூன்றையும் நேரே விளைச்சலில் கொண்டுபோய்க் குத்தாமல், "வயல் வெள்ளம்" என்ற இடைக்கணுவில் சேர்த்து, அங்கிருந்து ஓர் அம்பு விடுங்கள். காரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தே விளைவைத் தரக்கூடியவை, நிலையும் உண்டு–இல்லை என்ற இரண்டுதான் என்றால் நொய்சி-ஓர் முறை (ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண் மட்டும் கேட்கும் முறை) பொருந்தும். நாலு பெற்றோருக்கு 16 வரிக்குப் பதிலாக நாலு எண், கசிவுக்கு (பெற்றோர் அல்லாத பிற காரணங்களுக்கு) ஒன்று, ஆக ஐந்து.

போகம் கலந்த தரவு. பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் ஒரே கோப்பில் போட்டுக் கற்பித்தால், "போகம்" என்ற கணு இல்லாத குறையை மழை சுமக்கும். இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிறது. சிறுபோகம் குளத்து நீரில் நிற்பது. மழைக்கு வருகிற பெரிய எண்ணில் பாதி போக வேறுபாடாக இருக்கலாம். பிரித்துக் கற்பியுங்கள், அல்லது போகத்தைக் கணுவாக்குங்கள்.

வரிகளைக் குறைத்தும் பாதிக்கு மேல் வெறுமையென்றால் நிபுணரிடம் நிகழ்தகவு கேட்டு நிரப்ப வேண்டும். அதற்கென்று ஒழுங்கான முறைகள் உண்டு. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் கற்பிப்பவர்களிடம் அட்டவணையோடு போங்கள். போகும்போது ஒவ்வொரு வரிக்கும் எத்தனை பதிவு என்ற எண்ணிக்கையையும் கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

## அறிகுறி: வகுப்பு எல்லையை மாற்றினால் வரிசை மாறுகிறது

விளைச்சலைச் சம அகல வகுப்புகளாக வெட்டியதில் 95 சதவீதம் ஒரே வகுப்பில் விழுந்திருக்கும். வகுப்பு இரண்டுதான் என்றால் அப்போது இலக்கின் எந்திரோப்பி 0.29 பிட்தான். சின்ன எண்ணில் சதவீதம் எடுத்தால் எதுவும் பெரிதாகத் தெரியும், ஆகவே பிட் நிரலையும் சதவீத நிரலையும் சேர்த்தே வாசியுங்கள். எல்லையைக் கணினி வெட்ட விடாதீர்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டைக்குக் கீழே போனால் செலவே தேறாது என்று விவசாயிக்குத் தெரியும், அதுதான் எல்லை. இலக்கு எண்ணளவான கணுவென்றால் பரஸ்பரத் தகவலை விட்டு மாறற்றிறன் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) குறைவைப் பாருங்கள்.

## அறிகுறி: தூரத்துக் கணு நேர்ப் பெற்றோரை முந்துகிறது

ஒற்றைச் சங்கிலியில் இது நடக்க முடியாது. மழை குளத்தின் வழியாக மட்டும் வெள்ளத்தைத் தொடுகிறது என்றால், வெள்ளத்தைப் பற்றி மழை சொல்வது குளம் சொல்வதை மிஞ்சாது. மிஞ்சினால் இரண்டாவது பாதை எங்கோ இருக்கிறது. விரல் வைத்து அம்புகளைத் தொடருங்கள். வேண்டியே போட்ட பாதையென்றால் விடுங்கள். தரவிலிருந்து மென்பொருள் தானாகக் கற்ற அம்பென்றால், அதை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

## அறிகுறி: பட்டியல் சொல்கிற திருத்தம் வயலுக்கு எதிராக இருக்கிறது

மழை கொட்டும் நாட்களில் வக்கடை (வரம்பில் நீர் வடிய வெட்டும் வாய்) திறந்திருந்த வயல்களில் அழிவு 40 சதவீதம், மூடியிருந்தவற்றில் 24 சதவீதம் என்று வலையமைப்பு சொல்கிறது. வக்கடைக் கணுவுக்குப் பெரிய உணர்திறன். "வக்கடையை மூடி வையுங்கள்" என்று அறிக்கை எழுதப்படுகிறது. வயல் செய்கிறவர் இதைக் கேட்டால் திகைத்துப் போவார்.

நடப்பது இது. வயல்களில் 40 சதவீதம் தாழ்நிலம். தாழ்நிலத்தில் வக்கடை வெட்டித் திறப்பது 0.9, மேட்டில் 0.2. தாழ்நிலத்தில் திறந்தால் அழிவு 0.5, மூடினால் 0.7. மேட்டில் திறந்தால் 0.1, மூடினால் 0.2. எந்த நிலத்திலும் திறப்பதுதான் நல்லது. ஆனால் திறந்திருக்கிற வயல் அதிகமும் தாழ்நிலம் என்பதால், அந்த நிலத்தின் அழிவு வக்கடையின் தலையில் ஏறிவிடுகிறது.

சான்று உணர்திறன் "கண்டால் என்ன தெரியும்" என்று சொல்கிறது. "செய்தால் என்ன நடக்கும்" என்பது வேறு கணக்கு.

எளிய சோதனை: கணு இலக்குக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? எரிந்த திட்டு அறக்கொட்டியின் விளைவு. அதற்குப் பெரிய எண் வருவது இயல்பு. திட்டை வெட்டி எறிந்தால் அறக்கொட்டி போகாது.

அடுத்தது: வலையமைப்பின் நகலொன்றில், நீங்கள் மாற்றப் போகும் கணுவுக்குள் வருகிற அம்புகளை மட்டும் வெட்டுங்கள். வெளியே போகும் அம்புகளைத் தொடாதீர்கள். பிறகு அந்தக் கணுவை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி ஓட்டுங்கள். ஜீனீயில் இதற்கென்று கட்டுப்படுத்திய மதிப்பு இடும் வசதியும் உண்டு. மேலே உள்ள எண்களில் எல்லா வயலிலும் வக்கடை திறந்தால் அழிவு 26 சதவீதம், எல்லாவற்றிலும் மூடினால் 40. வரிசை தலைகீழாகிவிட்டது.

கடினமானது: தாழ்நிலமா மேடா என்ற கணுவே வலையமைப்பில் இல்லை. அப்போது அம்பு வெட்டியும் பயன் இல்லை, பிழை அட்டவணைக்குள் ஊறிப்போயிருக்கும். விளைச்சலையும் செயலையும் சேர்த்துத் தூண்டக்கூடிய, ஆனால் பதிவில் இல்லாத ஒன்று உண்டா என்று வட்டைக் கூட்டத்தில் கேளுங்கள். கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவும் வட்டவிதானையின் நினைவும் சேர்ந்தால் எந்தக் காணி தாழ்வு என்பது ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய விடயம்.

அதைச் சேர்க்க வழியில்லாத இடத்தில் பரிந்துரை எழுதுவதை நிறுத்துங்கள். அளக்காத காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் முடிவு கவிழும் என்று கணிக்கத் தெரிந்த, காரண ஆய்வில் பழகிய புள்ளியியலாளர் ஒருவர் பார்த்த பிறகே அந்தத் தாள் விவசாயியின் கைக்குப் போக வேண்டும். வக்கடையை மூடச் சொன்ன தாளை நம்பி மூடியவரின் பயிர் மூன்று நாள் நீரில் நின்றால், அந்தப் போகத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.